கோட்டா வந்தது, வாத்தியார் வரவில்லை

சென் ஜேம்ஸ் ரவுணில் குடியிருந்தவர்களுக்கு எலிவேற்றருக்காகக் காத்து நிற்பது என்றால் என்னவென்று எடுத்துச் சொல்லத் தேவையில்லை. வெல்லெஸ்லி வீதியோரத்து மாடிக் கட்டடம் ஒன்றில், இரண்டு எலிவேற்றர்கள் பழுதாகி ஒன்று மாத்திரம் ஓடிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், எம்மவர் இருவர் கைகளிற் சாமான் பைகளுடன் நின்று பேசிக்கொண்டதைக் கேட்க நேர்ந்தது. மூத்தவர் எழுபதை அண்மித்தவர், வடமராட்சிக்காரர். மற்றவர் அவரிலும் சில வயது இளையவர். அக்கராயன் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர்.

பேச்சு பேரப்பிள்ளைகளின் படிப்பிலே தொடங்கி, எம்மவர் பேச்சு எப்போதும் போய்ச்சேரும் இடத்திற்கே போய்ச்சேர்ந்தது. "தரப்படுத்தல் எண்ட ஒண்டு வராமல் இருந்திருந்தால் நான் இஞ்சினியர், தம்பி. இஞ்சை வந்து முப்பது வருசம் பாக்டரியிலை நிண்டிருக்க மாட்டன்" என்றார் மூத்தவர். 1974ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதியவர் அவர். தமது நான்கு பாடங்களின் புள்ளிகளையும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் தனித்தனியே சொன்னார்.

இளையவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பின்னர் மெல்லச் சொன்னார்: "நாங்களும் அப்ப யாழ்ப்பாண மாவட்டம்தான் அண்ணை. பேர்தான் யாழ்ப்பாணம். பள்ளிக்கூடம் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் இல்லை. எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வாத்தியாரே இருக்கேல்லை. வெட்டுப்புள்ளி 250 எண்டாலும் 227 எண்டாலும் எங்களுக்கு ஒண்டுதான்."

மூத்தவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலே தெரிந்தது. ஆயினும் அந்த இளையவரின் சொற்கள் எம்மை விட்டு அகலவில்லை. தரப்படுத்தலைப் பற்றி எமது பத்திரிகைகள் எழுதிக் குவித்தவை ஏராளம். ஏழைக் கிராமத்தின் அடுப்பங்கரையிலிருந்து அதனைப் பார்த்து எழுதியவை மிகச் சிலவே. அரசாங்கமொன்று கல்வியில் எடுக்கும் முடிவு பின்தங்கிய நாட்டுப்புறத்தின் சோற்றையும் கூரையையும் எவ்வாறு மாற்றுகிறது, அல்லது மாற்றாமல் விடுகிறது என்பதற்கு எமது மண்ணிலேயே போதிய சான்றுகள் உண்டு.

இரண்டு வேறு காரியங்கள்

முதலிலே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தரப்படுத்தல் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டு வேறு காரியங்களைப் போட்டு மூடிவைத்திருக்கிறோம்.

ஒன்று மொழிவாரியானது. 1970இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் காலத்தில், 1970-71 கல்வியாண்டுக்கான அனுமதியின்போது, பேராதனைப் பொறியியற்பீடத்திற்குச் செல்லத் தமிழ்மொழி மூலம் எழுதிய மாணவனுக்கு 250 புள்ளிகளும் சிங்களமொழி மூலம் எழுதிய மாணவனுக்கு 227 புள்ளிகளும் போதுமென வைக்கப்பட்டன. எழுதிய மொழியே வேறுபாட்டுக்குக் காரணமாக இருந்தது. எழுதியவன் ஏழையா, பணக்காரனா, அவனுடைய பள்ளியில் ஆய்வுகூடம் இருந்ததா என்று எவரும் கேட்கவில்லை. இதற்கு நியாயம் கற்பிக்க இன்றுவரை எவராலும் முடிந்ததில்லை. பொறியியற்பீடத்தில் 1970-71இல் ஏறத்தாழ 40 வீதமாக இருந்த தமிழ் மாணவர் தொகை 1974இல் ஏறத்தாழ 16 வீதமாக வீழ்ந்தது. வடமராட்சிப் பெரியவரின் கோபம் நியாயமான கோபம். அந்தக் கோபத்தினின்று பிறந்தவை எவை என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

மற்றது மாவட்ட ஒதுக்கீடு. 1974இல் இது புகுத்தப்பட்டது. மாவட்டத்தின் சனத்தொகைக்கேற்ப இடங்கள் பகிரப்பட்டன. 1976இல் 70 வீதம் புள்ளிக்கும் 30 வீதம் மாவட்டங்களுக்கும் என மாற்றப்பட்டு, அந்த 30இல் பாதி பின்தங்கிய மாவட்டங்களுக்கு விடப்பட்டது. 1977இல் ஆட்சி மாறியதும் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்ட ஒதுக்கீடு கைவிடப்படவில்லை. 1979 அளவில் 30 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 15 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்றாயிற்று. இன்று அது 40, 55, 5 என்று நிற்கின்றது.

இந்த இரண்டாவது காரியத்தினால் மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை, அம்பாறை ஆகிய இடங்களின் தமிழ், முஸ்லிம் மாணவர்களுக்கு முன்னர் இல்லாத வழியொன்று திறந்தது என்பதை யாழ்ப்பாணத்தவராகிய நாம் ஒப்புக்கொள்ளத் தயங்கியே வந்திருக்கிறோம். மாந்தையிலோ வாகரையிலோ பிறந்த பிள்ளைக்கும் மருத்துவபீடத்திற்கும் இடையில் அதுவரை இருந்த தூரத்தை வட்டுக்கோட்டையில் பிறந்தவர் அறியமாட்டார்.

யாழ்ப்பாணத்துக்குப் புள்ளி எங்கிருந்து வந்தது?

"நாங்கள் கெட்டிக்காரர், படித்தோம், புள்ளி எடுத்தோம்" என்பது எம்மிற் பலரின் எண்ணம். கெட்டித்தனத்தை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டுக்காலச் செலவு இருந்தது.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையும் எழுந்தன. அவர்களுக்குப் போட்டியாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றிக் கிராமந்தோறும் பள்ளிகளை எழுப்பியது. இவற்றுக்கெல்லாம் அரசாங்கத்தின் உதவிப்பணம் கிடைத்தது. 1869இல் கல்வித் திணைக்களம் அமைந்ததையடுத்து, பெறுபேற்றைப் பார்த்துப் பணம் கொடுக்கும் முறை வந்தது. கட்டடம் உள்ள பள்ளி, நல்ல வாத்தியார் உள்ள பள்ளி, பரீட்சையிற் சித்தியெய்தும் பிள்ளைகள் உள்ள பள்ளி எதுவோ அதற்கே பணம் போயிற்று. பள்ளியே இல்லாத காட்டூருக்கு எந்தப் பெறுபேற்றைப் பார்த்துப் பணம் கொடுப்பது? இருப்பவனுக்கே மேலும் கிடைத்தது. காலனித்துவ அரசாங்கம் இதனைத் திட்டமிட்டுச் செய்ததோ இல்லையோ, விளைவு அதுதான்.

அந்தப் படிப்பு யாழ்ப்பாணத்தின் வாழ்க்கைத்தரத்தை எவ்வாறு மாற்றியது என்பதை எமது பாட்டன்மாரின் வீடுகளே சொல்லும். ஆறில்லாத மண், துண்டு துண்டாகப் பங்கிடப்பட்ட தோட்டக் காணி, கிணற்று நீரில் விளைந்த புகையிலை. இவற்றை மட்டும் நம்பியிருந்தால் கல்வீடு எத்தனை குடும்பங்களுக்குக் கிடைத்திருக்கும்? ஆங்கிலம் படித்தவன் மலாயாவுக்குப் போய் றெயில்வேயிலே கிளாக்கரானான். கொழும்பிலே கந்தோருக்குப் போனான். மாதந்தோறும் காசுக்கட்டளை ஊருக்கு வந்தது. மணியோடர் பொருளாதாரம் என்று அதனை வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கையில்லை, கிணறு கட்டியதும், தங்கைமாருக்குச் சீதனம் சேர்த்ததும், அடுத்த தலைமுறையைக் கல்லூரிக்கு அனுப்பியதும் அந்தக் காசுதான்.

அந்தக் கல்வியும் யாழ்ப்பாணத்தார் எல்லாருக்கும் ஒரேயளவாகக் கிடைத்ததென்று நினைப்பது தவறு. 1930ஐ அண்டிய ஆண்டுகளில், உதவி பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்கவேண்டும் என்று அரசாங்கம் பணித்தபோது, பள்ளிகளுக்குத் தீ வைத்தவர்களும் எம்மவர்களே. மரமேறும் தொழிலாளியின் மகன் பல்கலைக்கழகப் போட்டியிலே யாழ்ப்பாண மாவட்டத்தவன், முன்னேறிய மாவட்டத்தவன். கொழும்பிலே படித்த பணக்காரரின் மகன் பின்தங்கிய மாவட்டமொன்றிற் பதிவெழுதிக்கொண்டால் அவன் பின்தங்கியவன். மாவட்டம் என்பது ஒரு கோடு. வறுமை அந்தக் கோட்டைப் பார்த்து நிற்பதில்லை.

இந்தக் கோட்டின் இரு பக்கமும் விளையாடியவர்களில் எம்மவரும் உண்டு. யாழ்ப்பாணத்திலே ரியூசன் படித்துவிட்டு வன்னியிலும் மன்னாரிலும் பரீட்சை எழுதிய பிள்ளைகளின் கதை பலருக்குத் தெரிந்ததே. பின்னர்தான், மூன்று ஆண்டுகள் அந்த மாவட்டத்துப் பாடசாலையிற் படித்திருக்கவேண்டும் என்ற விதி இறுக்கமாயிற்று. அதுவரையில் அந்தப் பிள்ளைகள் எடுத்த ஒவ்வோர் இடமும், விளக்கு வெளிச்சத்தில் படித்த ஒரு வன்னிப் பிள்ளையின் இடம்.

கன்னங்கராவின் கனவும் அதன் ஓட்டையும்

இலவசக் கல்வி 1945 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை சம்பளமில்லை. அக்காலக் கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா ஏழைக் கிராமங்களை மனதில் வைத்தே மத்திய மகா வித்தியாலயங்களையும் நிறுவினார். நகரத்துக் கல்லூரியில் உள்ள ஆய்வுகூடமும் நூலகமும் விடுதியும் நாட்டுப்புறத்திலும் இருக்கவேண்டும் என்பது அவரது எண்ணம். மட்டக்களப்புக்கு வடக்கே வந்தாறுமூலையில் அவ்வாறு எழுந்த கல்லூரியின் வளவிலேயே 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று என்றால், அந்த விதையின் வீரியத்தை அறிந்துகொள்ளலாம். 1980இல் இலவசப் பாடநூலும் 1993இல் இலவசச் சீருடைத் துணியும் வந்தன. இன்று இங்கே வாடகைக்கும் வயிற்றுக்கும் போராடும் எத்தனையோ குடும்பத்தவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக வந்து இறங்கினார்கள் என்றால், அதற்கு அந்த 1945ஆம் ஆண்டு முடிவே முதற் காரணம்.

ஓட்டை எங்கே இருந்தது? சம்பளம் இல்லாத பள்ளிக்கு வாத்தியார் வருவார் என்பதற்கு எந்தச் சட்டமும் உறுதியளிக்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் கெட்டிக்காரப் பிள்ளையைக் கிராமத்துப் பள்ளியிலிருந்து தூக்கிப் பெரிய கல்லூரிக்கு அனுப்பியது. அந்தப் பிள்ளைக்கு அது நன்மை. அவன் போன பிறகு அந்தப் பள்ளி? மிஞ்சியவர்களைக் கொண்டு பெறுபேறு காட்ட முடியாத பள்ளிக்கு நல்ல அதிபரும் வரமாட்டார். வசதியுள்ள பெற்றாரும் பிள்ளையை அனுப்பார். பள்ளியின் தரம் இன்னும் ஒரு படி இறங்கும். ஒரு பிள்ளையை ஏற்றும் திட்டம் முப்பது பிள்ளைகளை இருந்த இடத்தில் விட்டுவிட்டுப் போயிற்று.

இலங்கைப் பாடசாலைகளின் தரப்பிரிவை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உயர்தரத்தில் விஞ்ஞானமும் கற்பிப்பவை 1ஏபி. கலையும் வணிகமும் மட்டும் கற்பிப்பவை 1சி. பதினோராம் ஆண்டு வரை உள்ளவை வகை 2. அதற்கும் கீழே நின்றுவிடுபவை வகை 3. உங்கள் ஊரிலே 1ஏபி இல்லையென்றால், உங்கள் ஊர்ப் பிள்ளை டொக்டராவதா இல்லையா என்ற கேள்வி வெட்டுப்புள்ளியினால் அன்று, பதினாறாவது வயதிலே பஸ் காசினால் முடிவாகிவிடுகிறது. கலைப்பிரிவிற் படித்துப் பட்டம் பெற்ற பின்னும் வேலையில்லாமல், 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரத்தில் மாதக்கணக்காகக் குந்தியிருந்த பட்டதாரிகளில் கிராமத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களிற் பலர் விரும்பிக் கலை படிக்கவில்லை. கிட்டிய பள்ளியில் வேறு எதுவும் இருக்கவில்லை.

பேர்தான் யாழ்ப்பாணம்

இப்போது அக்கராயன்காரரின் கதைக்கு வருவோம். கிளிநொச்சி 1984 வரை தனி மாவட்டமன்று. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. 1930களிலிருந்து இரணைமடுத் தண்ணீரை நம்பி, உருத்திரபுரம், வட்டக்கச்சி போன்ற குடியேற்றங்களுக்குக் காணியில்லாத யாழ்ப்பாண ஏழைகள் போனார்கள். 1977, 1983 இனக்கலவரங்களில் அடிபட்ட மலையகக் குடும்பங்களும் பின்னர் அந்தக் காடுகளுக்கே வந்து சேர்ந்தன. ஆக, வடமாகாணத்திலேயே ஏழைகளான இந்தப் பிள்ளைகள், 1974இலிருந்து பத்தாண்டுக் காலம், இலங்கையின் மிகப் பெரிய கல்லூரிகள் சிலவற்றோடு ஒரே மாவட்டக் கணக்கில் போட்டியிட்டார்கள். தமிழர் என்பதற்காக மொழிவாரியிலே ஓர் அடி. யாழ்ப்பாணத்தவர் என்பதற்காக மாவட்டவாரியிலே இன்னோர் அடி. முதலாவது அடியைப் பற்றி நாம் ஐ.நா. வரை போய்ச் சொன்னோம். இரண்டாவதைப் பற்றி யாழ்ப்பாணத்திலேகூடப் பேசியதில்லை.

அதே ஆண்டுகளில் வன்னியிலே காசு புழங்கியது என்பதையும் சொல்லவேண்டும். 1970-77 அரசாங்கம் இறக்குமதிக்குத் தடை போட்டதனால் மிளகாயும் வெங்காயமும் பொன்விலை விற்றன. கமக்காரன் றக்ரர் வாங்கினான். மண்வீட்டை இடித்துக் கல்வீடு கட்டினான். 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்து இறக்குமதி மிளகாய் சந்தையை நிரப்பியதும் அந்த வருமானம் சரிந்தது. யாழ்ப்பாணத்திலே தோட்டம் படுத்தால் வீட்டிலே ஓர் உத்தியோகத்தராவது இருந்தார். வன்னிக் குடியேற்றத்திலே தோட்டம் படுத்தால் குடும்பமே படுத்தது. பிள்ளைகளிற் படித்தவர் இல்லை. உத்தியோகம் பார்ப்பவர் இல்லை. அந்த ஏழு நல்ல வருடங்களிலும் அரசாங்கம் அங்கே ஒரு விஞ்ஞானப் பள்ளியைக் கட்டியெழுப்பியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

வாத்தியார் விடயம் தனியே சொல்லத்தக்கது. இலங்கை அரசாங்கத்தின் கடதாசிகளில் "கஷ்டப் பிரதேசம்", "அதிகஷ்டப் பிரதேசம்" என்று வகுப்புகள் உண்டு. புதிதாக நியமனம் பெற்றவர் சில ஆண்டுகள் அங்கே கடமையாற்றவேண்டும். நியமனக் கடிதத்தைக் கையில் வாங்கிய அன்றே இடமாற்றத்திற்கு ஆள் பிடிக்கத் தொடங்குபவர்களையும், வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் ஏறித் திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்து இறங்குபவர்களையும் வன்னி மக்கள் நன்கு அறிவார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. தங்க ஒழுங்கான விடுதியில்லை. இளம் பெண்பிள்ளையைக் காட்டுக்குள் தனியே விடப் பெற்றார் சம்மதியார். ஆயினும் அந்தப் பிள்ளைகளின் கணிதப் பாடம் கிழமையிலே நான்கு நாளாயிற்று. மழைக்காலத்தில் அதுவும் இல்லை. எவர் வந்தாலும் மூன்று ஆண்டில் போய்விடுவார் என்று தெரிந்தபின் பிள்ளையும் வாத்தியாரை நம்புவதில்லை; தாயும் பள்ளியை நம்புவதில்லை.

அதன்பின் வந்தது போர். பொருளாதாரத் தடை, இடப்பெயர்வுகள், 2009. அவற்றை இங்கே விரிக்கப் போவதில்லை. மரநிழலிற் பள்ளி நடத்திய வாத்திமாரை அந்த மக்கள் மறக்கமாட்டார்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

மலையகத்தின் கணக்கு

ஏழை நாட்டுப்புறம் என்று பேசும்போது மலையகத்தை விட்டுவிட்டுப் பேசுவது எமது வழக்கமாகிவிட்டது. உண்மையிலே கல்விக் கொள்கையும் வயிறும் ஒன்றையொன்று எவ்வளவு இறுகப் பிடித்திருக்கின்றன என்பதற்குத் தோட்டப் பள்ளிகளைவிடப் பெரிய சான்று வேறில்லை.

1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுப்பது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பென்று வைத்தது. விளைந்தவை "லயத்துப் பள்ளிகள்". ஒரு கொட்டில், ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. கொழுந்து பறிக்கும் கை பெருகுவதில் தோட்டத்துரைக்கு நன்மை. எழுதும் கை பெருகுவதில் அவருக்கு என்ன நன்மை? 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளி பெரும்பாலும் வெளியிலேயே நின்றது. 1947இல் சட்டம் திருத்தப்பட்டும் அரசாங்கம் பொறுப்பேற்ற பள்ளிகள் மிகச் சில.

அடுத்த ஆண்டு வந்தது குடியுரிமைச் சட்டம். 1948இல் அந்தச் சட்டம் மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்தது என்பதை அனைவரும் அறிவர். அது ஒரு கல்விச் சட்டமுமாகும் என்பதைச் சிந்திப்பவர் குறைவு. பிரசை அல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. உத்தியோகம் கிடையாதென்று முன்கூட்டியே தெரிந்த ஒரு தகப்பன், பன்னிரண்டு வயது மகனை ஏன் பள்ளியில் வைத்திருக்க வேண்டும்? அவனைப் பெயர் பதிந்தால் அன்றைக்கே அரைச் சம்பளமாவது வரும். படிக்கவில்லை என்று அந்த மக்களைப் பழித்தவர்கள் உண்டு. படிப்புக்குப் பலன் இல்லாதவாறு சட்டத்தைச் செய்துவைத்துவிட்டுப் படிக்கவில்லை என்று பழிப்பது எந்த நியாயத்திலும் சேராது.

மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது இன்னுமொரு வினோதம் நிகழ்ந்தது. நுவரெலியா மாவட்டத்துக்கும் பதுளை மாவட்டத்துக்கும் சனத்தொகைக்கேற்ப இடங்கள் ஒதுக்கப்பட்டன. அந்தச் சனத்தொகையிலே லயங்களில் வாழ்ந்தவர்களும் எண்ணப்பட்டார்கள். ஆனால் அந்த லயங்களின் பிள்ளைகளுக்கு உயர்தர விஞ்ஞான வகுப்பு எட்டாத தூரத்திலே இருந்தது. தலைகள் கணக்கிலே சேர்ந்தன. இடங்களோ அதே மாவட்டத்தின் பட்டணத்துப் பள்ளிகளுக்குப் போயின.

1972, 1975 ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977இலிருந்து தோட்டப் பள்ளிகளும் அரசாங்கப் பாடசாலைகளாயின. அதன் பின்னரே ஏதோ அசைந்தது. 1980களில் சுவீடனின் சீடா நிறுவனத்தின் உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. 1990களில் கொட்டகலைக்கு அண்மையில் பத்தனையிலே ஜேர்மன் உதவியுடன் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி திறக்கப்பட்டது. எல்லாவற்றிலும் முக்கியமானது, தோட்டத்திலே பிறந்து உயர்தரம் படித்த இளைஞர்களும் யுவதிகளும் தோட்டப் பள்ளிகளுக்கே ஆசிரியராக நியமிக்கப்பட்டமை. 1983க்குப் பின் யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் பயந்து ஊருக்குத் திரும்பிவிட்ட வெற்றிடம் அது.

இந்த ஒரு நியமனத்தினால் ஒரு லயத்துக்குள் என்ன மாறியது என்று பார்த்தால், கொள்கை என்பது என்னவென்று விளங்கும். முதன்முறையாக ஒரு குடும்பத்துக்கு மாதச் சம்பளம், மழை பெய்தாலும் கொழுந்து குறைந்தாலும் குறையாத சம்பளம், அதைக் காட்டி வங்கியிலே கடன், முதுமையில் பென்சன். தம்பியை அடுத்த வகுப்புக்கு அனுப்ப ஒருவர் உண்டு. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏறி ஓடவேண்டிய தேவை அந்த வாத்தியாருக்கு இல்லை. அவருடைய ஊர் அதுதான். இன்று மலையகத்திலே உள்ள சட்டத்தரணிகள், விரிவுரையாளர்கள், எழுத்தாளர்கள் பலரின் வீட்டிலே முதலாவது படியாக ஓர் ஆசிரியர் நிற்பதைக் காணலாம்.

ஆனால் அரசாங்கம் தனது வழக்கத்தை விட்டுவிடவில்லை. கடந்த பத்தாண்டிலும் மலையக இளைஞர்கள் பல்லாயிரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க "ஆசிரியர் உதவியாளர்" என்ற பெயரில் எடுக்கப்பட்டபோது, அவர்களுக்குக் கொடுத்தது மாதம் 6,000 ரூபா. பின்னர் 10,000 ஆக்கினார்கள். அந்தப் படிக்கு எவர் நின்று கற்பிப்பார்?

பாக்கு நீரிணைக்கு அப்பால், 1956இலேயே காமராசரின் அரசாங்கம் கிராமத்துப் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கியது. மூடிய பள்ளிகளைத் திறந்து, பிள்ளையின் வயிற்றை நிரப்பி, அதன்பின் சிலேட்டைக் கொடுத்தார்கள். அங்கேயும் குறைகள் உண்டு. ஆயினும் எந்தப் படியிலிருந்து தொடங்குவது என்பதை அவர்கள் சரியாகக் கண்டுகொண்டார்கள்.

பட்டியலிலே யாழ்ப்பாணம்

இவ்விடத்தில், வடமராட்சிப் பெரியவர் அறிந்தால் மனம் நோகக்கூடிய ஒரு செய்தி உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்த 5 வீத மேலதிக இடங்களை வழங்குவதற்கெனக் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்கள் என 16 மாவட்டங்களைப் பட்டியலிட்டது. மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மட்டக்களப்பு, நுவரெலியா ஆகியவற்றோடு யாழ்ப்பாணமும் அதிலே உண்டு. எந்த மாவட்டத்தின் பிள்ளைகள் அளவுக்கு மிஞ்சிப் புள்ளி எடுக்கிறார்கள் என்று 1970களில் வெட்டினார்களோ, அந்த மாவட்டத்துக்கு இன்று சலுகை. பொறியியற்பீடம் கிடைக்காத தலைமுறை புலம்பெயர்ந்தது, வாத்திமார் புலம்பெயர்ந்தார்கள், எஞ்சியோரைப் போர் தின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் 2013இல் தொடங்கப்பட்டபோது, கிளிநொச்சியின் அறிவியல் நகரிலேதான் தொடங்கப்பட்டது. அக்கராயனிலிருந்து அது வெகு தூரமன்று. ஆயினும் அதன் வாசலைத் தாண்டி உள்ளே போகும் அக்கராயன் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது, அந்த ஊர்ப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புக் கணித வாத்தியாரைப் பொறுத்த விடயம்.

இங்கே ஒன்ராறியோவிலும் இதே விவகாரத்தை நாம் கண்டிருக்கிறோம். வந்த புதிதில் எம்மிற் பலர் அதனைக் கவனிக்கவில்லை. 1997 வரை இங்குள்ள கல்விச் சபைகள் வீட்டு வரியிலிருந்து தாமே பணம் திரட்டின. ரொறன்ரோவின் வானளாவும் அலுவலகக் கட்டடங்களின் வரி ரொறன்ரோப் பிள்ளைகளுக்கு. வட ஒன்ராறியோவின் சிற்றூருக்கு அந்தச் சிற்றூரின் வரி. அவ்வாண்டு ஹரிஸ் அரசாங்கம் 160ஆம் இலக்கச் சட்டமூலத்தின் மூலம் அந்த உரிமையைத் தன் கையில் எடுத்துக்கொண்டபோது, ஆசிரியர்கள் இரண்டு கிழமை வேலையை விட்டு வெளியே நின்றார்கள். எமது பிள்ளைகள் அந்த நாட்களில் வீட்டில் நின்றதை அந்தக்காலத்துத் தாய்மார் மறந்திருக்க மாட்டார்கள். அதன்பின் பிள்ளையின் தலைக்கு இவ்வளவு என்று மாகாணம் முழுவதற்கும் ஒரே கணக்கு. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் தலைக்கணக்கிலே சிறிய நாட்டுப்புறப் பள்ளி எப்போதும் தோற்கும், பல மூடப்பட்டன. அதேவேளையில் ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்கென மேலதிகப் பணமும் ஒதுக்கப்பட்டது. ரொறன்ரோ கல்விச் சபை குடும்ப வருமானத்தையும் பெற்றாரின் கல்வியையும் கணக்கிட்டுப் பள்ளிகளை வரிசைப்படுத்தி, கீழே நிற்பவற்றுக்குக் கூடுதலாகக் கொடுக்கின்றது. சென் ஜேம்ஸ் ரவுணிலே எமது பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கத் தனி ஆசிரியர் இருந்ததும், சிற்றுண்டி கிடைத்ததும் எவருடைய தயவினாலுமன்று. மாவட்டத்தைப் பார்க்காமல் பள்ளியைப் பார்த்துக் கொடுக்கும் கொள்கை அது. இலங்கையிலே 1974இல் இதைச் செய்திருக்கலாம்.

அரசாங்கத்தைச் சொல்லியாயிற்று. எம்மையும் சிறிது சொல்லவேண்டும். இந்த நகரத்திலே பழைய மாணவர் சங்கங்களுக்குக் குறைவில்லை. இரவு விருந்தும், கலைவிழாவும், கிரிக்கெற் போட்டியும் நடத்திச் சேர்க்கும் பணம் ஊர்ப் பள்ளிகளுக்குப் போகின்றது. நல்ல காரியந்தான். ஆனால் எந்தப் பள்ளிகளுக்கு? எந்தப் பள்ளியின் மாணவர் பெருந்தொகையாக இங்கு வந்து சேர்ந்தார்களோ, அந்தப் பள்ளிக்கு. இங்கு வந்து சேர்வதற்குக் காசும் உறவும் வேண்டியிருந்தது. ஆகவே வசதியாக இருந்த ஊரின் கல்லூரிக்கு மூன்றாவது மாடியும் குளிரூட்டிய மண்டபமும். 1869இல் வெள்ளைக்காரன் பெறுபேற்றைப் பார்த்துக் கொடுத்தான். நாமும் ஏறக்குறைய அதே புத்தகத்தைத்தான் வைத்து எழுதுகிறோம். ஓர் இரவு விருந்தில் மிஞ்சும் தொகை, கிளிநொச்சிக் காட்டோரத்துப் பள்ளியொன்றில் அந்த ஊர்ப் பட்டதாரி ஒருவருக்குக் கணிதம் கற்பிக்க ஓராண்டுக் கொடுப்பனவாகப் போதும் என்று கணக்குப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கல்வெட்டிலே பெயர் பொறிக்க அங்கே சுவர் இராது என்பதுதான் குறை.

அன்று எலிவேற்றர் வந்து சேர்வதற்குச் சற்று முன், வடமராட்சிப் பெரியவர் கோபம் தணிந்து ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, உங்கடை பள்ளிக்கூடத்துக்கு இஞ்சை சங்கம் கிங்கம் ஒண்டும் இல்லையே?"

"ஒன்பதாம் வகுப்பு வரைக்கும்தான் அண்ணை இருந்தது. அங்கை படிச்ச ஆக்கள் ரொறன்ரோவிலை நாலு பேர். ஒருத்தர் போன வருசம் மோசம் போயிட்டார்."

பெரியவர் கையிலிருந்த பையை மற்றக் கைக்கு மாற்றினார். "அங்கை இப்ப கணக்கு ஆர் படிப்பிக்கினம்?" என்றார்.

கதவு திறந்தது. இருவரும் உள்ளே போனார்கள்.